என் பைப் பிறந்த பின்முற்றம்

தலையைக் குனிந்துகொள்ளுங்கள், நிலைப்படி தாழ்வு. இடது பக்கம் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிள்களில் இடித்துக்கொள்ளாமல் வாருங்கள். இது கோபன்ஹேகன் நகரத்தின் நோரெப்ரோ பகுதி. ஒரு பழைய குடியிருப்பின் பின்முற்றம், அங்கிருந்து தரைக்குக் கீழே இறங்கும் நான்கைந்து கல்படிகள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் டேனிஷ் மொழியில் ஒரு வரி: பலமாகத் தட்டவும், மெஷின் ஓடுகிறது. பலமாகவே தட்டினேன். கதவு திறந்தது. ஐயோ, எப்படிச் சொல்வேன்! எத்தனையோ வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஏங்கிய பொருள் எங்கே உருவாகிறதோ, அந்த இடத்துக்குள்ளேயே நிற்கிறேன்!

கடையில் பைப்பைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெல்வெட், மேலே குட்டி விளக்கு, பக்கத்தில் அடக்கமாக ஒரு விலைச்சீட்டு. இங்கே எல்லாவற்றின் மேலும் செம்பழுப்புத் தூசி. ரேடியோவின் மேல் தூசி, ஜன்னல் விளிம்பில் தூசி, என்றோ முடிந்துபோன ஒரு வருஷத்தின் காலண்டர் மேலும் தூசி. பட்டை ரம்பத்தின் காலடியில் மரத்துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. மேஜையில் அரங்கள், கிழிந்த உப்புத்தாள்கள், பாதி குடித்த காபிக் கோப்பைகள். எந்தக் கோப்பை இன்றையது, எது போன வாரத்தது என்பதில் இங்கே வேலை செய்யும் இருவருக்குள்ளேயே தகராறு. இலவங்கப்பட்டை ரொட்டிகள் இருக்கும் தட்டின் மேல் ஓர் அலுமினியச் சட்டி கவிழ்த்திருக்கிறது. “பட்டறையில் சுத்தமான இடம் இது ஒன்றுதான்” என்று சட்டியைத் தட்டிக் காட்டுகிறார் பெரியவர்.

பெரியவர் தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆர்டர் வரிசை ஏற்கெனவே நீளமாம். அறுபதைத் தாண்டிய டேனிஷ்காரர், தோல் ஏப்ரன், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. கைகளைத்தான் பார்க்க வேண்டும். நகக்கண்ணெல்லாம் சாயக்கறை, கட்டைவிரல் நுனி உப்புத்தாளோடு சேர்ந்து தானும் தேய்ந்து வழவழத்துவிட்டது. அவரிடம் தொழில் பழக ஜப்பானிலிருந்து ஓர் இளைஞர் வந்திருக்கிறார். இருவருக்கும் பொதுவானது கொஞ்சம் ஆங்கிலம், மீதியைப் புருவத்தாலேயே பேசிக்கொள்கிறார்கள். ஜப்பானிலிருந்து இந்த ஊருக்கு வந்து கற்றுக்கொள்வது புது வழக்கமும் அல்ல. இன்று உலகம் கொண்டாடும் பைப் கலைஞர் ஹிரோயுகி டோகுடோமி, இங்கே சிக்ஸ்டன் இவர்சன் என்ற பைப் கலைஞரிடம் பாடம் கேட்டவர்தான்.

நான் வந்திருப்பது எனக்கென்று ஒரு பைப் செய்துகொள்ள. அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி அல்ல இது, அதைவிடப் பெரிய சமாசாரம் என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிகிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புகையிலை உடம்புக்குக் கேடு, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. என் பித்து முழுவதும் உருவத்தின் மேல். ஒரு கிண்ணமும் ஒரு குழலும் சேர்ந்து இத்தனை வடிவம் எடுக்க முடியுமா என்ற ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தப் பித்து வளர்ந்த விதத்தையும் கேளுங்கள். பைப் என்றதும் யாருக்கும் முதலில் கண்ணில் வருவது ஷெர்லாக் ஹோம்ஸின் பெரிய வளைந்த பைப். எனக்கும் அதே. கலபாஷ் என்று பெயர். தென்னாப்பிரிக்கச் சுரைக்காய் ஒன்றின் வளைந்த கழுத்தை வெட்டி, உள்ளே மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் குடைந்த கிண்ணத்தைப் பொருத்துவார்கள். அந்தக் கல்லுக்குப் பேர்போனது துருக்கியின் எஸ்கிஷெஹிர். வேடிக்கை என்னவென்றால், கானன் டாயில் எழுதிய கதைகளில் கலபாஷே கிடையாது. அங்கே ஹோம்ஸ் பிடிப்பது களிமண், பிரையர், செர்ரி மர பைப்புகள். 1899-இல் ஹோம்ஸாக மேடையேறிய வில்லியம் ஜில்லெட்டின் பெயரோடு வளைந்த பைப் ஒட்டிக்கொண்டது, பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் வளைத்து இன்னும் பெரிதாக்கிவிட்டார்கள். இது தெரிந்த பிறகும் என் ஆசை குறையவில்லை. அதற்கடுத்து ஊம் பால். டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவர் பால் க்ரூகரின் செல்லப்பெயரைத் தாங்கிய வடிவம். கிண்ணமும் குழலும் தோளோடு தோள் உரசும் அளவுக்கு வளைவு, மோவாய்க்குக் கீழே தொங்கும் கனம்.

பிறகு டென்மார்க் என்னைப் பிடித்துக்கொண்டது. மரத்தின் மேல்பட்டையை அப்படியே கிண்ணத்தின் வாயில் விட்டுவைக்கும் காட்டுத்தனமான பைப்புகளைப் பார்த்துச் சொக்கிப்போனேன். பிரேபன் ஹோல்ம் என்ற இளைஞர் 1970-களில் செய்து அமெரிக்காவுக்குப் பெருமளவில் அனுப்பியவை அப்படிப்பட்டவைதாம். அங்கிருந்து லார்ஸ் இவர்சனின் ப்ளோஃபிஷ் என்ற வடிவம், அங்கிருந்து ஸ்வீடன்காரர் போ நோர்டின் யானைக்கால் என்ற வடிவம். மரத்தின் ரேகை எப்படிப் போகச் சொல்கிறதோ அப்படியெல்லாம் வளைந்துகொடுக்கும் உருவங்கள். ஒரு பக்கம் பார்த்தால் வீங்கியிருக்கும், மறுபக்கம் திருப்பினால் கத்திமுனையாகக் கூர்ந்திருக்கும். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இருந்தது. ஒரு பழம்பொருள் கடையில் ஓர் ஆங்கிலேய பில்லியர்டைக் கையில் எடுத்தேன். நேரான கிண்ணம், நேரான கழுத்து, நேராகச் சரியும் வாய்க்குழல். கிண்ணத்தின் உயரமும் கழுத்தின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. அலங்காரம் ஒன்றுமில்லை, ஆனால் கீழே வைக்கவே மனம் வரவில்லை. ஊரில் நல்ல சமையல்காரரைச் சோதிக்க ரசம் வைக்கச் சொல்வார்கள் அல்லவா, பில்லியர்ட் அப்படிப்பட்ட வடிவம் என்று அந்தக் கணம் புரிந்தது. அன்று முதல் என் மனம் முழுக்க பில்லியர்ட்தான். பெரியவருக்கும் அதைத்தான் எழுதியிருந்தேன்.

“பில்லியர்டா?” என்று அவர் சிரித்தார். திரும்பி இளைஞரிடம், “கேட்டாயா, எலும்பு உடைகிற வேலையைக் கொண்டுவந்திருக்கிறார்!” என்றார். வளைவும் நெளிவும் உள்ள பைப்பில் ஓரிடம் அரை மில்லிமீட்டர் கூடினால் யாருக்கும் தெரியாது. பில்லியர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லார் கண்ணுக்கும் மனப்பாடம். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. டேப் இல்லை, காலிப்பர் இல்லை. முதலில் கேள்விகள். பல்லில் கடித்துப் பிடிப்பீர்களா, கையிலேயே வைத்திருப்பீர்களா? எந்தக் கை? படிக்கும்போதா, நடக்கும்போதா? கண்ணாடி போடுவீர்களா? நீளமான பைப் என்றால் கிண்ணம் கண்ணுக்குத் தெரியும், குட்டை என்றால் புகை நேரே கண்ணாடியில் ஏறும், அதற்காக. கேட்டு முடித்ததும் “கண்ணை மூடுங்கள்” என்றார். மூடினேன். உள்ளங்கையில் ஒவ்வொன்றாக ஏதோ வந்து உட்கார்ந்தது. முடிக்காத கிண்ணங்கள். ஒன்று உருண்டை, ஒன்று அடி தட்டை, ஒன்று கூரான இடுப்புள்ளது. இளைஞர் எடுத்துக் கொடுக்க, பெரியவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். முடிவில் சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிடும் சத்தம். கண்ணைத் திறந்தபோது என்னவோ கிறுக்கிவிட்டு அதன்மேல் துணியைத் தொங்கவிட்டிருந்தார். என்னவென்று கேட்டேன். “பிறகு” என்றார்.

மரம் இருக்கும் அலமாரிக்கு வாருங்கள். இது பிரையர். மத்தியதரைக் கடலோரத்தில், இத்தாலியின் கலாப்ரியாவிலும் டஸ்கனியிலும், கோர்சிகாவிலும், கிரேக்கத்திலும் வளரும் எரிக்கா அர்போரியா என்ற புதர்ச்செடி. தண்டுக்கும் வேருக்கும் நடுவே மண்ணுக்கடியில் ஒரு கட்டி திரளும். காட்டுத்தீ மேலே எல்லாவற்றையும் எரித்துவிட்டாலும் இந்தக் கட்டியிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். நெருப்பைத் தாங்கப் பழகிய மரம், அதனால்தான் உள்ளே கங்கு இருந்தாலும் கிண்ணம் எரிந்துபோவதில்லை. பைப் செய்யும் அளவுக்குக் கட்டி திரளப் பல பத்தாண்டுகள் ஆகும். தோண்டி எடுத்ததும் ஈரம் காயாமல் வைத்து, அறுத்து, பெரிய கொப்பரைகளில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். உள்ளே இருக்கும் துவர்ப்பும் சாறும் அப்போதுதான் இறங்கும். அதற்குப் பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு கட்டையிலும் பென்சிலால் வந்த தேதி எழுதியிருக்கிறது. பெரியவர் வருஷக்கணக்கில் காயவிடுகிறார். “அவசரப்படுகிறவர்கள் பியானோ விற்கப் போகட்டும்” என்கிறார். ஏன் பியானோ என்று இளைஞருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு கட்டையை ஈரத்துணியால் துடைத்தார். காய்ந்த மரத்தில் மறைந்திருந்த ரேகைகள் பளிச்சென்று எழுந்து வந்தன! என் வாயிலிருந்து தானாக ஒரு சத்தம் கிளம்பியது. பக்கவாட்டில் கோடுகோடாக நேர் ரேகை, மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளிச் சுழிகள். அந்தச் சுழிகளைப் பறவைக்கண் என்கிறார்கள். இரண்டும் ஒரே நார்தான். நீளவாக்கில் வெட்டுப்பட்டால் கோடு, குறுக்கே வெட்டுப்பட்டால் கண்.

பட்டை ரம்பம் அலறியது. கட்டையின் ஓரங்கள் கழன்று விழுந்தன. பிறகு அது லேத்தில் ஏறியது. பேச்சு நின்றுவிட்டது, ரேடியோவையும் இளைஞர் அணைத்துவிட்டார். உளி பட்ட இடத்திலிருந்து சிவந்த சுருள்கள் பறந்தன. சதுரக் கட்டைக்குள்ளிருந்து பில்லியர்டின் தோள் தெரிய ஆரம்பித்தது. நான் கேட்ட அதே தோள்! பெரியவரின் முதுகில் சட்டை ஈரமாகி ஒட்டிக்கொண்டது. வெளியே கோபன்ஹேகன் குளிரில் நடுங்குகிறது, உள்ளே மனிதர் வியர்வையில் நனைகிறார்.

திடீரென்று லேத் நின்றது. அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி, கிண்ணத்தின் ஓரிடத்தில் நகத்தை வைத்தார். கடுகளவு கறுப்புக் குழி. செடி வளரும்போது கட்டிக்குள் சிக்கிய மண்ணோ கல்லோ விட்டுப்போன வடு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அறுக்க அறுக்கத்தான் தலைகாட்டும். இன்னும் கொஞ்சம் கடைந்து பார்த்தார், குழி மறையவில்லை, அகலமானது. கிண்ணச் சுவரை அது துளைத்துவிடவில்லை, ஆனால் வழவழப்பான பில்லியர்டின் முகத்தில் அது நிற்கவும் முடியாது. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துச் சாயம் பூசி மறைக்கிற வழக்கம் தொழிற்சாலைகளில் உண்டு. இந்தப் பட்டறையில் கிடையாது. கட்டையைக் கழற்றி ஒரு தகர வாளியில் போட்டார். டங்!

அந்த வாளியை எட்டிப் பார்த்தேன். பாதிக் கிண்ணங்கள், முக்கால் பைப்புகள், கிட்டத்தட்ட முடிந்து கடைசி உப்புத்தாளில் குழி தெரிந்த ஓர் அழகான புல்டாக் வடிவ பைப். கடையின் வெல்வெட் மேல் ஒரு பைப் உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு வாளி இருக்கிறது. கையால் செய்த பைப்பின் விலை எனக்கு இப்போது முழுசாகப் புரிந்துவிட்டது. இனி யார் முன்னாலும் அந்த விலைக்காக வாதாடுவேன்.

சட்டி நிமிர்ந்தது, ரொட்டி வெளியே வந்தது, புதுக் காபி. பெரியவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. தின்றுகொண்டே இன்னொரு கட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இதன் ரேகை வேறு மாதிரி ஓடியது. அடியில் ஒன்றாய்ச் சேர்ந்து, மேலே மேல்பட்டையை நோக்கிப் போகப் போக விசிறியாய் விரிந்தது. கட்டியின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் வளர்ந்த நார் அப்படித்தான் விரியும். பெரியவர் பென்சிலால் அதன்மேல் இரண்டு நேர்க்கோடு போட்டார். “இது பில்லியர்ட். பாருங்கள், ரேகையைக் கோடு வெட்டிக்கொண்டு போகிறது.” அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, ரேகையோடு சேர்ந்து மேலே அகன்று போகும் இரண்டு கோடு போட்டார். “இது டப்ளின்.”

டப்ளின்! கீழே ஒடுங்கி மேலே விரியும் கிண்ணம். பழைய களிமண் பைப்புகளின் வம்சம். அது என் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கலபாஷில் தொடங்கி பில்லியர்டில் வந்து நின்ற என் பயணத்தில் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அந்த இரண்டு பென்சில் கோட்டுக்குள் ரேகைகள் ஒன்றுகூட அறுபடாமல் அடியிலிருந்து விளிம்புவரை ஓடுவதைப் பார்க்கிறேன், பார்வையை எடுக்க முடியவில்லை. பில்லியர்டின் அடக்கமும் இதில் இருக்கிறது, டேனிஷ் பைப்புகளில் நான் மயங்கிய மரத்தின் பிடிவாதமும் இருக்கிறது.

“இதையே செய்யுங்கள்” என்றேன்.

இளைஞர் துள்ளிக்கொண்டு ஓடிக் கரும்பலகைத் துணியை விலக்கினார். சாக்பீஸில் எழுதியிருந்தது: டப்ளின். கண்ணை மூடியிருந்தபோது மற்றவற்றையெல்லாம் என் விரல்கள் தடவிப் பார்த்து விட்டுவிட்டனவாம். விரிந்த கிண்ணம் ஒன்றை மட்டும் திரும்பிக் கேட்கும்வரை கொடுக்கவே இல்லையாம். பெரியவர் காபியை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த விளையாட்டு எத்தனை முறை ஆடினாலும் அலுக்காது என்று இளைஞர் காதில் சொன்னார்.

மறுநாள் காலையும் போனேன், போகாமல் இருக்க முடியுமா? இம்முறை லேத் கிடையாது. பழைய முறையில் முதலில் துளை போடுவார்கள், அதைச் சுற்றி வெளி உருவத்தைக் கடைவார்கள். கோபன்ஹேகனில் பைப் ரிப்பேர் வேலையில் தொடங்கிய சிக்ஸ்டன் இவர்சன் அதைத் தலைகீழாக்கினார். 1910-இல் ஸ்வீடனில் பிறந்து இந்த ஊரில் வேர்விட்ட மனிதர். முதலில் ரேகையைப் பார்த்து உருவம், அதன் பிறகே துளை. அந்த ஒரு மாற்றத்தால் பைப்புக்கு லேத்தின் பிடியிலிருந்து விடுதலை கிடைத்தது. ப்ளோஃபிஷும் யானைக்காலும் சாத்தியமானது அதனால்தான். மகன் லார்ஸ், பேத்தி நன்னா என்று மூன்று தலைமுறை இதே தொழில்.

ஆகவே என் டப்ளின் சுழலும் உப்புத்தாள் சக்கரத்துக்கு முன்னால் பிறந்தது. பெரியவர் முகமூடியை மாட்டிக்கொண்டார், எனக்கும் ஒன்று கொடுத்தார். கட்டையை இரு கையாலும் பிடித்துச் சக்கரத்தின் மேல் உருட்டுகிறார். அச்சு இல்லை, அளவுகோல் இல்லை, கை மட்டும். ஒரு திருப்பு, தூக்கிப் பார்ப்பு, இன்னொரு திருப்பு. புகையாய்க் கிளம்பும் தூசியில் அவர் தலை மறைந்து மறைந்து வருகிறது. விரல் நுனிக்கும் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கவே பயம். அவர் முணுமுணுத்துப் பாடுகிறார், சுருதி சேரவில்லை, சந்தோஷம் மட்டும் சேர்ந்திருக்கிறது.

இப்போது துளை. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நானும் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நேரம் செதுக்கிய உருவத்தைக் கையில் பிடித்து, சுழலும் துளைமுனைக்கு நேரே தள்ள வேண்டும். புகையிலை வைக்கும் அறை சுமார் 20 மில்லிமீட்டர் அகலம். கழுத்து வழியாகப் போகும் காற்றுத்துளை 4 மில்லிமீட்டர் அளவு. அந்தச் சின்னத் துளை பெரிய அறையின் அடியில், சரியாக நடுவில் போய்த் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கிவிடும். பக்கத்தில் திறந்தால் பார்க்கிற எவருக்கும் கண் உறுத்தும். கட்டையின் பக்கத்தில் போட்ட ஒரு பென்சில் கோடுதான் வழிகாட்டி. இளைஞர் மோட்டாரின் மறுபக்கம் நின்று கோட்டைப் பார்த்து “மேலே… மேலே… சரி” என்கிறார். நார் கருகும் வாசனை. முனை வெளியே வந்தது. பெரியவர் கிண்ணத்தைக் கண்ணருகே கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிறகு என் கையில் தந்தார். அடியில், நட்டநடுவில், ஒரு வெளிச்சப் புள்ளி! கைதட்டிவிட்டேன். இளைஞரும் தட்டினார். பெரியவர் குனிந்து வணங்கினார், மேடை நடிகருக்குச் சற்றும் குறையாமல்.

வேலை முடிந்தது என்றா நினைத்தீர்கள்? பாதிகூட இல்லை. கடையில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத வாய்க்குழல்தான் அதிகம் வேலை வாங்குகிறது. ஒரு கறுப்பு எபனைட் கம்பி. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து இறுக்கிய பொருள். அரம் பட்டதும் கந்தக வாடை மூக்கில் ஏறியது. நம் திருவள்ளூரில் எபனைட் பேனா கடைகிறவர்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அக்ரிலிக் என்றால் வருஷக்கணக்கில் பளபளப்பு மங்காது. எபனைட்டோ வெயில் பட்டால் பச்சையும் பழுப்பும் பூக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பல்லுக்கு மெத்தென்று இருக்கும். இரண்டையும் கடித்துப் பார்க்கச் சொன்னார். எபனைட் பக்கம்தான் என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம்.

பிறகு அரம், அரம், அரம். உதட்டில் நிற்கும் இடத்தில் கனம் சுமார் 4 மில்லிமீட்டர்தான் இருக்கலாம், அதற்குள்ளேயே காற்றுப் போகும் வழியும் விசிறியாய் விரிந்து முடிய வேண்டும். ஒரு ராகத்தை இழுக்கிற நிதானத்தோடு ஒரே வளைவில் அரத்தை இழுக்கிறார். ஜன்னலுக்கு வெளியே யாரோ கையசைத்தால் நிமிராமலேயே கையசைக்கிறார். மதியச் சாப்பாடு கம்பு ரொட்டி நிறத்தில் இருக்கும் ரை ரொட்டி, மேலே மீன். சாப்பிடும்போதும் வாய்க்குழலை ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார். கடைசியில் பைப் துடைக்கும் பஞ்சுக்கம்பி ஒன்றை வாய் முனையில் செருகினார். எங்கும் முட்டாமல் அது கிண்ணத்துக்குள் தலைநீட்டியது. இளைஞர் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு டிக் போட்டார். இந்தப் பட்டறையில் பஞ்சுக்கம்பி போகாத பைப் வெளியே போகாது.

சாயம் பூசும் காட்சியை மட்டும் நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த கருஞ்சாயத்தைத் தூரிகையால் அப்பினார். என் அழகான டப்ளின் கரிக்கட்டையாகிவிட்டது. அதோடு விட்டாரா, சிகரெட் லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார்! பைப் முழுவதும் நீலச் சுடர் ஒரு நொடி ஓடி அணைந்தது. ஆல்கஹால் எரிந்து போகும், சாயம் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இளைஞர் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். தானும் முதல் தடவை தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு ஓடியவர்தானாம். பிறகு கருமையை உப்புத்தாளால் நீக்கினார்கள். மேல்பரப்பில் கறுப்புப் போய்விட்டது, மெத்தென்ற ரேகைக்குள் மட்டும் தங்கிவிட்டது. அதன்மேல் ஆரஞ்சுச் சாயம். அடியிலிருந்து விளிம்புவரை ஒவ்வொரு கோடும் தனித்தனியாக எழுந்து நின்றது. கார்னோபா மெழுகு தடவிய துணிச்சக்கரத்தில் கடைசிச் சுற்று. இரண்டு நாளாகத் தூசியும் வியர்வையும் குடித்த கட்டைக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பியது.

கழுத்தின் அடியில் தன் முத்திரையைச் சுத்தியலால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டுக்கு இடமில்லை, தப்பினால் மொத்த வேலையும் வாளிக்குத்தான். அந்தத் தட்டின்போது மட்டும் பெரியவர் பாடவில்லை.

பைப் என் கைக்கு வந்தது. விரல்கள் தாமாகவே அந்த விரிவைச் சுற்றி மூடிக்கொண்டன. கழுத்து மெலிந்து வாய்க்குழலோடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், சந்து தெரியவில்லை. இதுவரை என்னிடம் வந்த எதுவும், அந்த ஆங்கிலேய பில்லியர்டும்கூட, இவ்வளவு சீக்கிரம் என்னுடையதாகவில்லை. பெரியவர் அதை ஒரு ஃபிளானல் பையில் போட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் மாட்டினார். வெல்வெட் பெட்டியெல்லாம் கடைக்காரர்கள் பாடு.

கிளம்பும் நேரம் இளைஞர் என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டார். ஏப்ரன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். நேற்று டங்கென்று வாளியில் விழுந்த என் பில்லியர்ட்! ராத்திரி உட்கார்ந்து குழியைச் சுற்றிலும் சின்ன உளியால் கொத்திக் கொத்தி, கிண்ணம் முழுவதையும் மரப்பட்டைச் சொரசொரப்பாக்கி, குழி எது கொத்து எது என்று தெரியாமல் செய்திருக்கிறார். கருஞ்சிவப்புச் சாயம். மிச்சம் கிடந்த எபனைட்டில் குட்டையான வாய்க்குழல். கொத்து வேலைப்பாடுள்ள பைப்புகள் பக்கம் இதுவரை நான் போனதே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். விரல்களுக்கு அந்தச் சொரசொரப்பு அப்படிப் பிடித்துப்போயிற்று.

“இதையும் எனக்கே கொடுங்களேன்.”

“முடியாது” என்றார் இளைஞர், முகமெல்லாம் சிரிப்பாக. “நான் தனியாகச் செய்த முதல் பில்லியர்ட்.” சட்டென்று என் கையிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து பெரியவர், “அவன் அதை எனக்கே தரமாட்டேன் என்கிறான்!” என்று கத்தினார். பட்டை ரம்பம் மறுபடி அலற ஆரம்பித்தது.